கல்வி நிதிக் குழுவினருக்கு: நிறுத்திய இரண்டாம் தவணையைத் தாருங்கள்

டர்பனில் நம் கல்வி நிதியை நடத்திவரும் பெரியவர்களுக்கு வணக்கம்.

போன மாத நேர்காணலில் நடந்தது உங்களுக்குத் தெரியும். "கோதுமைக் கதிரில் நூல் கட்டுறது ஒரு படிப்பாம்மா?" என்று கேட்டீர்கள். அடுத்த வாரமே என் உதவித்தொகையின் இரண்டாம் தவணை நிறுத்தப்பட்டதாகக் கடிதம் வந்தது. அதைத் தந்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நூல் கட்டியது உண்மை. கோதுமை மணி எப்படி வளர்கிறது என்ற என் ஆராய்ச்சிக்காகக் கட்டியது. கதிரில் மஞ்சள் மகரந்தப்பை தலைகாட்டும் நாளிலிருந்துதான் மணியின் வயதுக் கணக்கு தொடங்கும். அது ஞாயிறு, தீபாவளி பார்க்காது. 6 வாரம் விடியற்காலையில் நான் இருக்கும் சாட்ஸ்வர்த்தில் டாக்ஸி பிடித்துப் பசுமைக்குடிலுக்குப் போனேன். அன்றன்று பூத்த கதிருக்கு அன்றைய நிறத்தில் நூல். 5, 10, 15, 20ஆம் நாட்களில் மணிகளைப் பிரித்து உடனே திரவ நைட்ரஜனில் போட வேண்டும். 5ஆம் நாள் மணியை அழுத்தினால் தண்ணீர் கசியும். 15ஆம் நாளில் பால் வரும்.

இந்த நாட்களில் மணிக்குள்ளே முளைசூழ்தசையின், அதாவது நாம் மாவாக அரைக்கும் பகுதியின், செல்கள் பெருகி, அப்புறம் மாவுச்சத்தும் புரதமும் நிறைகின்றன. எந்த மரபணு எப்போது விழிக்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதைப் படியெடுத்தல் காரணிகள் என்ற புரதங்கள் தீர்மானிக்கின்றன. அவற்றில் நாக் என்பது ஒரு குடும்பம். அதைச் சேர்ந்த நாம்-பி1 மரபணுவை 2006இல் காட்டு எம்மர் கோதுமையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அது வேலை செய்தால் இலை சீக்கிரம் பழுத்து, அதிலுள்ள நைட்ரஜனும் இரும்பும் துத்தநாகமும் மணிக்கு இறங்கும். இன்று விதைக்கும் பெரும்பாலான ரகங்களில் அது செயலிழந்து கிடக்கிறது. ரொட்டிக் கோதுமையில் 3 மரபணுத்தொகுதிகள் சேர்ந்திருப்பதால் பல மரபணுக்களுக்கு மூன்று மூன்று பிரதிகள் உண்டு. நாக் குடும்பத்தில் எந்தப் பிரதி எந்த நாளில் வேலை செய்கிறது என்பதே என் கேள்வி. மரபணு வேலை செய்யும்போது உருவாகும் அதன் நகலான ஆர்என்ஏவை வரிசைப்படுத்திப் படிக்காமல் விடை கிடைக்காது. நீங்கள் நிறுத்தியது அதற்கான பணம்.

மணிகள் இப்போது மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் கிடக்கின்றன. உருகினால் உள்ளே இருக்கும் ஆர்என்ஏ கெட்டுவிடும்; அதனால் மின்சாரம் போகும் இரவுகளில் எனக்குத் தூக்கம் இல்லை. ஒரு முறை அண்ணன் நடு இரவில் உலர்பனி (உறைந்த கரியமில வாயு) தேடிக் கொண்டுவந்தார். அதை அள்ளிப் போட்டதில் அவர் விரல் கொப்பளித்துவிட்டது.

மருத்துவமும் கணக்கியலும் படிப்பவர்களிடம் இப்படி ஒரு கேள்வியாவது கேட்டீர்களா? 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து கரும்புக் காட்டில் உழைத்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். பயிர் என்றால் நமக்கு ஏன் இந்தக் கூச்சம்? தென்னாப்பிரிக்கா தனக்கு வேண்டிய கோதுமையில் ஏறத்தாழ பாதியை வெளியிலிருந்து வாங்குகிறது. பிரெட் மாவில் இரும்பும் துத்தநாகமும் கலக்க வேண்டும் என்று 2003 முதல் சட்டமே இருக்கிறது. அவை மணியிலேயே கூடுதலாகச் சேர வழி தேடுவது படிப்பில்லையா?

குரல் உயர்ந்திருந்தால் மன்னியுங்கள். வரிசைப்படுத்தும் கூடத்தில் இம்மாதக் கடைசி வரைதான் எனக்கு இடம் வைத்திருக்கிறார்கள். அதற்குள் இரண்டாம் தவணையைத் தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உங்களில் யாராவது ஒரு நாள் பசுமைக்குடிலுக்கு வாருங்கள். நூல் கட்டிய கதிர்கள் சில இன்னும் நிற்கின்றன.

உங்கள் மாணவி,
சாட்ஸ்வர்த்