கழுத்தில் மின்பட்டை ஒட்டும் முன் உதரவிதானத்தை அளந்து பாருங்கள்

பெங்களூரு மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பணிபுரியும் தமிழ் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும்,

வணக்கம்.

வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியின் கழுத்துத் தோலில் மின்பட்டை ஒட்டி உதரவிதான நரம்பைத் தூண்டினால் மூச்சுத் தசையான உதரவிதானம் மெலியாமல் காக்க முடியுமா என்று உலகெங்கும் ஆராய்கிறார்கள். நல்ல முயற்சி, நாங்களும் அதை நம்புகிறவர்கள்தான். ஆனால் முழங்கால் வலிக்கு வைத்திருக்கும், தோல் வழியே மின்துடிப்பு தரும் டென்ஸ் கருவியை எடுத்துவந்து கழுத்தில் வைத்துப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரக்கூடாது. அதற்காகவே இந்த மடல்.

இந்தத் தசை கரையும் வேகம் சாதாரணமானதல்ல. மூளைச்சாவு அடைந்து உறுப்புதானம் செய்தவர்களின் உதரவிதானத்தை ஆராய்ந்து 2008-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கட்டுரை வந்தது. 18 முதல் 69 மணி நேரம் வென்டிலேட்டரில் அசைவின்றி இருந்ததிலேயே தசை இழைகளின் குறுக்குவெட்டுப் பரப்பு பாதிக்கும் கீழே போயிருந்தது. கைகால் தசைக்கு நாம் முதல் நாளே பயிற்சி தொடங்குகிறோம். மூச்சுத் தசையை வீனிங், அதாவது வென்டிலேட்டரை விலக்கும் முயற்சி, தோற்கும் நாள்வரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எனவே எங்கள் முதல் கோரிக்கை அல்ட்ராசவுண்ட். பெரும்பாலான ஐசியூக்களில் லீனியர் புரோப் (தோலுக்கு அருகில் உள்ளதைத் தெளிவாகக் காட்டும் அல்ட்ராசவுண்ட் முனை) இருக்கிறது. வலப்பக்கம் 8 அல்லது 9-ஆம் விலா இடைவெளியில், முன் அக்குள் கோட்டுக்கும் நடு அக்குள் கோட்டுக்கும் இடையே வையுங்கள். இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே தெரியும் கறுப்புப் பட்டைதான் உதரவிதானம். மூச்சு விட்ட கடைசியில் ஓர் அளவு, உள்ளிழுத்த உச்சத்தில் ஓர் அளவு. இரண்டுக்குமான வித்தியாசத்தை முதல் அளவால் வகுத்து நூறால் பெருக்கினால் தடிப்பு விகிதம் கிடைக்கும். தசையின் தடிமனே சுமார் 2 மில்லிமீட்டர்தான். புரோப் ஒரு விலா தள்ளிப்போனால் பொய்யான மெலிவு தெரியும். அதனால் முதல் நாளே தோலில் மார்க்கர் பேனாவால் இடத்தைக் குறித்துவிட வேண்டும். குளிப்பாட்டும் செவிலியருக்கும் அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

தடிப்பு விகிதம் 15 முதல் 30 சதவீதத்துக்குள் இருந்தவர்கள் வென்டிலேட்டரில் குறைந்த நாட்களே இருந்தார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்குக் கீழே இருந்தால் தசை சும்மா கிடக்கிறது, மேலே போனால் அதிகமாக உழைத்துக் காயப்படுகிறது. கீழே இருப்பவருக்கு முதலில் குறைக்க வேண்டியது மயக்க மருந்தையும் தேவைக்கு மிஞ்சிய பிரஷர் சப்போர்ட்டையும் (நோயாளி இழுக்கும் மூச்சுக்கு வென்டிலேட்டர் தரும் அழுத்த உதவி). நோயாளி தானே இழுக்கும் மூச்சை விடச் சிறந்த தூண்டல் எந்தக் கருவியிலும் இல்லை.

மயக்கத்தைக் குறைக்கவே முடியாதவர்களுக்குத்தான் நரம்புத் தூண்டல் பொருந்தும். கழுத்தின் உச்சியில், சி1, சி2 மட்டத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கும் பொருந்தலாம், ஏனென்றால் உதரவிதான நரம்பு கிளம்பும் சி3, சி4, சி5 பகுதி அங்கே உயிரோடு இருக்கிறது. யாருக்குப் பொருந்தாது என்பதுதான் நம் ஊருக்கு முக்கியம். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து கட்டுவிரியன் கடியோடும் பூச்சிமருந்து குடித்தும் பலர் இங்கே வருகிறார்கள். அவர்களுக்கு அடைபட்டிருப்பது நரம்பும் தசையும் சேரும் முனை. நரம்பை எவ்வளவு தூண்டினாலும் செய்தி தசைக்குப் போய்ச் சேராது. அட்ராக்யூரியம், வெக்குரோனியம் போன்ற தசை தளர்த்தும் மருந்துகள் ஓடும்போதும் அதே கதை. பேஸ்மேக்கர் உள்ளவர்களைத் தொடவே வேண்டாம்.

இடம் கண்டுபிடிப்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கும். குரல்வளையின் அடியிலுள்ள கிரிக்காய்டு குருத்தெலும்பின் மட்டத்தில், கழுத்தைத் திருப்பும் ஸ்டெர்னோமாஸ்டாய்டு தசையின் பின்விளிம்பில், ஸ்கேலீன் தசையின் மேல் நரம்பு இறங்குகிறது. குறைந்த மின்னோட்டத்தில் விநாடிக்கு ஒரு துடிப்பாகத் தொடங்கிக் கையையும் வயிற்றையும் சேர்த்துப் பாருங்கள். மேல்வயிறு எழும்பி, வென்டிலேட்டர் திரையில் பிரஷர் கோடு சட்டென்று பள்ளம் விழுந்தால் இடம் சரி. தோளோ விரலோ துள்ளினால் கைக்குப் போகும் பிரேக்கியல் நரம்புப் பின்னலைத் தொட்டுவிட்டீர்கள், சற்று முன்னே வாருங்கள். தலை திரும்பினால் கழுத்துத் தசைதான் இழுக்கிறது. மேலே, முன்பக்கமாக நகர்ந்துவிடாதீர்கள். அங்கே ரத்த அழுத்தத்தை உணரும் கரோட்டிட் சைனஸ் இருக்கிறது, அதைத் தூண்டினால் இதயத் துடிப்பு இறங்கிவிடும். கழுத்து ரத்தக்குழாயில் போட்ட ஜுகுலர் லைனின் பிளாஸ்திரி, மூச்சுக்குழாய்த் துளைக்கான டிரக்கியாஸ்டமி நாடா, கழுத்து வீக்கம் மூன்றும் இடத்தை மறைக்கும். நோயாளியைப் புரட்டிப் போட்ட பிறகு பழைய இடம் செல்லாது, மறுபடியும் தேட வேண்டும்.

டென்ஸ் கருவி உதவாததற்கு முதன்மைக் காரணம், அதற்கு வென்டிலேட்டரின் நேரம் தெரியாது. மூச்சு உள்ளே போகும் வேளையில் தூண்டல் விழ வேண்டும். வெளியே வரும்போது விழுந்தால் நீண்டுகொண்டிருக்கும் தசை இழுபட்டுக் காயமாகும். வென்டிலேட்டரும் அதைப் புதிய மூச்சாக எடுத்துக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்றாகக் காற்றை அடுக்கும். சரியான நேரத்தில் விழுந்தாலும் டைடல் வால்யூம், அதாவது ஒரு மூச்சில் போகும் காற்றின் அளவு, ஏறும். ஏஆர்டிஎஸ் (நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட) நோயாளிக்கு, உயரத்தைக் கொண்டு கணிக்கும் எடையில் கிலோவுக்கு 6 மில்லி என்று காத்த நுரையீரலை நாமே கிழித்துவிடக் கூடாது. மின்பட்டைக்குப் பதில் காந்தச் சுருளாலும் நரம்பைத் தூண்டலாம்; அது வலி குறைந்தது, ஆழமாகவும் போகும். ஆனால் சூடேறும், விலகினால் பலன் குறைந்துவிடும்.

ஆதாரம் இன்னும் முழுமையாகவில்லை. இதே நரம்பை ரத்தக்குழாய் வழியே தூண்டிய ஆய்வு 2022-ல் வெளியானது. அதில் மூச்சிழுக்கும் வலு தெளிவாகக் கூடியது, ஆனால் வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டவர்களின் விகிதத்தில் உறுதியான வித்தியாசம் வரவில்லை. ஆகவே தோல் வழித் தூண்டலைச் செய்வதென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சிடிஆர்ஐ-யில் பதிந்து, ஆய்வாகவே செய்யுங்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் இடம், மின்னோட்டம், டைடல் வால்யூம், இதயத் துடிப்பு நான்கையும் எழுதி வையுங்கள்.

ஒப்புதல் படிவம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால் போதாது. ஓசூரிலிருந்து வந்து வெளியே காத்திருக்கும் அம்மாவுக்கு அது தமிழில் இருக்க வேண்டும். இது சோதனை நிலையில் உள்ள சிகிச்சை என்பதும், வேண்டாம் என்றாலும் மற்ற சிகிச்சை எதுவும் நிற்காது என்பதும் அதன் முதல் இரண்டு வரிகளாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பெங்களூருவில் பணிபுரியும் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்டுகள், ஐசியூ பிசியோதெரபிஸ்டுகள் சிலர்