கார்த்தேஜின் கடைசிப் போருக்கு உரிய இடம் கொடுங்கள்

தமிழில் உலக வரலாறு எழுதும் ஆசிரியர்களுக்கும் அந்நூல்களைச் செப்பம் செய்யும் பதிப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். ரோமுக்கும் வட ஆப்பிரிக்கக் கடற்கரை நகரமான கார்த்தேஜுக்கும் இடையே கி.மு. 264 முதல் 146 வரையிலான காலத்தில் நடந்த மூன்று போர்களைச் சொல்லும்போது, யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைக் கடந்த கார்த்தேஜியத் தளபதி ஹன்னிபாலுக்குப் பல பக்கங்களும், கார்த்தேஜ் அழிந்த மூன்றாம் போருக்கு இரண்டொரு வரிகளும் ஒதுக்குவதே வழக்கமாக இருக்கிறது. அந்த வழக்கத்தை மாற்றுமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். இத்தாலியிலுள்ள கன்னேயில் ஒரே நாளில் ரோமின் பெரும்படையை வளைத்து அழித்த தளபதியின் திறமை விரித்து எழுதத் தக்கதுதான். ஆயினும், சரணடைந்துவிட்ட ஒரு வணிக நகரத்தை வல்லரசு ஒன்று எவ்வாறு படிப்படியாகக் கைகளைக் கட்டி அழித்தது என்பதை மாணவர்கள் அறிய வேண்டுமானால், அவர்கள் படிக்க வேண்டியது மூன்றாம் போரைத்தான்.

அதன் வேர் கி.மு. 201இன் உடன்படிக்கையில் இருக்கிறது. இரண்டாம் போரின் முடிவில் ஜாமா என்ற இடத்தில் தோற்ற கார்த்தேஜ், 10 போர்க்கப்பல்கள் போக மற்றவற்றை ஒப்படைத்தது. 10,000 தாலந்து (ஒரு தாலந்து ஏறத்தாழ 26 கிலோ) வெள்ளியை 50 ஆண்டுகளில் செலுத்த இசைந்தது. ரோமின் அனுமதி இல்லாமல் ஆப்பிரிக்காவில் யாரோடும் போரிடுவதில்லை என்றும் உறுதி கூறியது. இவற்றுள் மிகக் கொடியது இந்த மூன்றாவது நிபந்தனையே. ரோமின் நண்பனும் கார்த்தேஜின் அண்டை நாடான நுமீடியாவின் மன்னனுமான மாசினிசா கார்த்தேஜின் நிலங்களைச் சிறிது சிறிதாகக் கவர்ந்துகொண்டபோதெல்லாம் கார்த்தேஜால் ரோமிடம் முறையிட மட்டுமே முடிந்தது. விசாரிக்க வந்த தூதர்களோ பெரும்பாலும் மாசினிசாவின் பக்கமே சாய்ந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் வேளாண்மையாலும் வணிகத்தாலும் மீண்டெழுந்த கார்த்தேஜ், கி.மு. 191இலேயே எஞ்சிய தொகை முழுவதையும் ஒரே தவணையில் கட்டிவிட முன்வந்தது. ரோம் அதை ஏற்க மறுத்தது. வெள்ளியைவிட, கார்த்தேஜ் கடன்பட்டு நிற்பதையே ரோம் விரும்பியது என்று நான் கருதுகிறேன்.

தவணைக்காலம் முடிந்ததையொட்டி, பொறுமையிழந்த கார்த்தேஜ் மாசினிசாவோடு போரிட்டுத் தோற்றது. கார்த்தேஜை அழித்தே தீர வேண்டும் என்று செனட் சபையில் ஓயாமல் வலியுறுத்திவந்த ரோம அரசியல்வாதி கேட்டோவுக்கு இதுவே போதுமான காரணமாயிற்று. செனட் உறுப்பினர் சிப்பியோ நாசிக்கா எதிர்த்துப் பேசியும் பயனில்லை. அடுத்து நடந்ததை அதன் வரிசை மாறாமல் எழுதுமாறு வேண்டுகிறேன். முதலில் ரோமர் உயர்குடிப் பிள்ளைகள் 300 பேரைப் பிணையாகக் கேட்டார்கள், பெற்றோர் அனுப்பிவைத்தார்கள். கி.மு. 149இல் கார்த்தேஜுக்கு அருகிலுள்ள யுடிகாவில் பாளையமிறங்கிய பின் ஆயுதங்களைக் கேட்டார்கள். 2 லட்சம் பேருக்கான போர்க்கருவிகளும் சுமார் 2,000 கவண்பொறிகளும் ஒப்படைக்கப்பட்டன என்கிறார் பண்டைய வரலாற்றாசிரியர் அப்பியன். அவ்வளவும் கைக்கு வந்த பிறகே, நகரம் இடிக்கப்படும், மக்கள் கடலிலிருந்து 80 ஸ்டேடியா, அதாவது ஏறத்தாழ 15 கிலோமீட்டர், உள்ளே சென்று குடியேற வேண்டும் என்ற ஆணையைத் தூதர்களிடம் கூறினார்கள். துறைமுகத்தால் வாழ்ந்த மக்களுக்கு இது மரண தண்டனையே. அந்த மக்கள் கோயில்களையும் பட்டறைகளாக்கி இரவு பகலாக ஆயுதம் வடித்தார்கள். கவண்பொறிகளின் கயிறுகளுக்காகப் பெண்கள் தங்கள் கூந்தலை அறுத்துக் கொடுத்தார்கள். மூன்றாண்டு முற்றுகைக்குப் பின், கி.மு. 146இல் ரோமத் தளபதி சிப்பியோ எமிலியானஸின் படை வீடு வீடாக ஆறு நாள் போரிட்டு நகரின் கோட்டையிருந்த பிர்சா குன்றை அடைந்தபோது, சரணடைந்து வெளியே வந்த 50,000 பேர் அடிமைகளாயினர்.

இவற்றை நமக்குச் சொல்பவர்களில் கார்த்தேஜியர் ஒருவரும் இல்லை என்பதையும் வாசகருக்குத் தெரிவியுங்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் போலிபியஸ், சிப்பியோ எமிலியானஸின் அருகில் நின்று அந்நகரம் எரிவதைக் கண்ட அவருடைய நண்பர். கார்த்தேஜின் நூலகங்களை ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்குக் கொடுத்துவிட்ட செனட், கார்த்தேஜியரான மாகோ எழுதிய வேளாண்மை நூலின் 28 பகுதிகளை மட்டும் லத்தீனில் பெயர்க்க ஆணையிட்டது. அதுவும் இன்று பிறர் எடுத்தாண்ட துணுக்குகளாகவே கிடைக்கிறது. முதல் போரின் கடைசிக் கடற்சண்டை நடந்த சிசிலியை அடுத்த எகாடித் தீவுகளின் கடலடியில் 2004 முதல் கப்பல்களின் வெண்கல முட்டுமுனைகள் கிடைத்துவருகின்றன. அவற்றுள் ஒன்றில் கார்த்தேஜியரின் மொழியான பியூனிக்கின் எழுத்துகள் உள்ளன. இத்தகைய சான்றுகளுக்கும் உங்கள் பக்கங்களில் இடம் வேண்டும்.

இன்னொரு திருத்தமும் தேவை. கார்த்தேஜின் மண்ணில் ரோமர் உப்பைத் தூவினார்கள் என்ற செய்திக்குப் பண்டைய ஆசிரியர் எவரிடமும் ஆதாரம் இல்லை. அது பிற்காலத்தார் சேர்த்த கதை. அந்த நிலத்தை ரோம் தன் பொதுநிலமாக்கிக்கொண்டது, கி.மு. 122 அளவில் ரோம அரசியல் தலைவர் கயஸ் கிராக்கஸ் அங்கேயே உழவர்களைக் குடியேற்ற முயன்றார். பின்னர் அதே இடத்தில் எழுந்த ரோம நகரம் ஆப்பிரிக்க மாகாணத்தின் தலைநகராகவும் ஆயிற்று. உங்கள் நூலில் அந்த உப்புக் கதை இருக்குமானால், அடுத்த பதிப்பில் அதை நீக்கிவிட்டு, 300 பிள்ளைகள் பிணையாக அனுப்பப்பட்ட செய்தியை அங்கே சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்களுள் ஒருவர்