நோயாளியின் படுக்கையருகே இரட்சிப்பின் தேதியைக் கேட்க வேண்டாம்: சேகரத் தலைவருக்கும் கமிட்டியாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகரத் தலைவர் ஐயா அவர்களுக்கும் சேகரக் கமிட்டியாருக்கும் கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

வீடு சந்திப்பு ஜெபக்குழுவினர் எங்கள் வீட்டுக்கு வந்துபோனபின் நடந்ததெல்லாம் தாங்கள் அறிந்ததே. கமிட்டியிலிருந்து இருவர் ஆறுதல் சொல்ல வந்ததையும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் இது எங்கள் வீட்டோடு முடிகிற காரியமாகத் தெரியாததால், சபையார் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

புற்றுநோய் எலும்புவரை பரவி, புரண்டு படுக்கவும் பிறர் கை தேவைப்பட்ட என் அம்மாவிடம் அவர்கள் முதலில் கேட்ட கேள்வி, "நீங்க இரட்சிக்கப்பட்ட தேதி என்னம்மா?" என்பதுதான். மனந்திரும்பி இயேசுவை ஏற்றுக்கொண்ட நாளையே அவர்கள் அப்படிக் கேட்டார்கள். குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்று, வளர்ந்தபின் அந்த விசுவாசத்தைத் தாமே அறிக்கையிடும் திடப்படுத்தல் எடுத்து, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்த அம்மாவிடம் சொல்வதற்குத் தேதி எதுவும் இல்லை. "சில ராத்திரி ஜெபிச்சா, கேக்க யாருமே இல்லாத மாதிரி இருக்கு தம்பி" என்று உள்ளதைச் சொன்னார்கள். அந்தச் சந்தேகம்தான் சுகத்தைத் தடுக்கிறது என்றும், நிச்சயம் இல்லாதவருக்குப் பரலோகம் இல்லை என்றும் பதில் வந்தது. அடுத்த ஞாயிறு தாங்கள் திருவிருந்து கொண்டுவந்தபோது அம்மா வாயைத் திறக்கவில்லை. "அபாத்திரமா வாங்கினா ஆக்கினையாயிடும் ஐயா" என்று, தகுதியில்லாமல் வாங்கினால் தண்டனை வரும் எனப் பயந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டதைத் தாங்களே கண்டீர்கள். அப்பத்தைத் திரும்பத் தட்டில் வைத்தபோது தங்கள் கையும் நடுங்கியது. கடைசித் திருவிருந்து இல்லாமலே அம்மா போய்விட்டார்கள்.

சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பானவன் என்ற யாக்கோபின் வசனத்தை அந்தக் குழுவினர் எடுத்துக் காட்டினார்கள். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடம் கேட்கக்கடவன் என்று தொடங்கும் பகுதி அது. சாகக் கிடக்கிறவரின் இரட்சிப்பை அளந்து பார்க்க எழுதப்பட்டதன்று. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறிய தகப்பனை, முதலில் நிச்சயத்தோடு வா என்று இயேசு திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார். காவலில் கிடந்து, வருகிறவர் நீர்தானா என்று ஆளனுப்பிக் கேட்ட யோவான்ஸ்நானனைக் குறித்து இயேசு ஜனங்களிடம் பேசியதெல்லாம் புகழ்ச்சியே. கலிலேயா மலையில் அவரைப் பணிந்துகொண்டவர்களிலும் சிலர் சந்தேகப்பட்டார்கள் என்று மத்தேயு மறைக்காமல் எழுதுகிறார். உலகமெங்கும் போகச் சொன்ன கட்டளை அவர்களுக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. இரட்சிப்பு தேவனுடைய ஈவு என்று எபேசியர் நிருபத்திலிருந்து பிரசங்கித்துவிட்டு, அந்த ஈவுக்கு மனநிச்சயத்தை விலையாகக் கேட்பது எப்படிப் பொருந்தும்?

இம்மானுவேலின் இரத்த ஊற்றைப் பற்றி நாம் பாடும் பாட்டை இயற்றிய ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர், 1773-இல் தேவன் தம்மைத் தள்ளிவிட்டார் என்று நம்பத் தொடங்கி, 1800-இல் இறக்கும்வரை அந்த எண்ணத்திலிருந்து மீளவில்லை. இங்கிலாந்தின் ஓல்னி ஊரில் அவருடைய குருவானவராயிருந்த ஜான் நியூட்டன் அவரிடம் தேதி கேட்கவில்லை. தம் வீட்டிலேயே ஓராண்டுக்கும் மேலாக வைத்துப் பார்த்துக்கொண்டார். நம் சேகரத்திலோ, திடப்படுத்தல் வகுப்பில் கேள்வி கேட்கிற பிள்ளைக்கும் விசுவாசக் குறைவு என்ற பட்டமே கிடைக்கிறது. அப்படிப் பட்டம் வாங்கியவர்கள் பிறகு பண்டிகைக்கு மட்டும் கோயிலுக்கு வருகிறார்கள். ஏன் என்று விசாரிக்க யாரும் அவர்கள் வீட்டுக்குப் போவதில்லை.

ஆகவே ஐயா, சேகரத்தின் பெயரால் நோயாளிகளைச் சந்திக்கப் போகிற எவரும் இரட்சிப்பின் தேதியைக் கேட்கக் கூடாது. சுகம் கிடைக்காததற்கு அவர்களுடைய சந்தேகமே காரணம் என்று சொல்லவும் கூடாது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, ஞாயிறு ஆராதனையின் அறிவிப்புகளோடு வாசிக்கச் செய்யும்படி மிகுந்த தாழ்மையோடு வேண்டிக்கொள்கிறேன். வியாழக்கிழமைகளில் அந்தக் குழு இன்னமும் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருப்பதால், கூட்டம் கூடும்வரை காத்திராமல், தாங்களே அவர்களை அழைத்துப் பேசும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சேகரத்தின் சபையார் ஒருவர்