கட்டுச்சோறு கட்டுவது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

விடுமுறை நெருங்கினாலே ‘குடும்பத்தோடு வெளியே போய் வாருங்கள், கணவன் மனைவிக்குள் நெருக்கம் கூடும்’ என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதிவிடுகின்றன, நீங்களும்தான். போவது நல்லதுதான், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் காணும் பொங்கலன்று முக்கொம்புக்கோ கல்லணைக்கோ போய்க் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். ஆண்கள் ஜமுக்காளத்தில் காலை நீட்டிக்கொண்டு செல்போன் பார்ப்பார்கள், இல்லையென்றால் சீட்டு. பெண்கள் தூக்குவாளியைத் திறந்து எல்லோருக்கும் பரிமாறி, தண்ணீர்ப் பக்கம் ஓடுகிற சின்னதைப் பிடித்து இழுத்து, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, கடைசியில் அடியில் மிஞ்சிய தயிர்சாதத்தை வழித்துச் சாப்பிடுவார்கள். விடியுமுன்னே எழுந்து அதைக் கிளறியதும் அவர்கள்தான், திரும்பிப் போய்ப் பாத்திரம் தேய்க்கப்போவதும் அவர்கள்தான். இதில் நெருக்கம் எங்கிருந்து வரும், இடுப்புவலிதான் வரும்.

மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வேலையில் கைவைக்கிற ஆண்களின் கணக்கு, அவர்களே ஏறக்குறைய நாலில் ஒருவர்தான். உல்லாசப் பயணம் என்ற பெயரில் அதே சமையலறையைத்தான் ஆற்றங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

அமெரிக்காவில் 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், தம்பதிகள் எவ்வளவு நேரம் சேர்ந்து பொழுதுபோக்கினார்கள் என்பதைவிட, அந்தப் பொழுது அவர்களுக்குப் பிடித்திருந்ததா என்பதுதான் மணவாழ்க்கைத் திருப்தியோடு ஒத்துப்போனது. சந்தோஷமாக இருக்கிற தம்பதிக்கு எங்கே போனாலும் பிடிக்கத்தானே செய்யும் என்று கேட்கலாம், சரிதான். ஆனாலும் இருவரில் ஒருவர் வேலைக்காரராகவே போய் வந்தால் யாருக்குப் பிடிக்கும்?

எங்கள் டெல்டா பக்கம் ஆடிப்பெருக்கில் இவ்வளவு பாரம் இருந்ததில்லை. தெருவே சேர்ந்து காவிரிக்குப் போகும், ஒரு வீட்டில் எலுமிச்சை சாதம், ஒரு வீட்டில் தேங்காய்ச் சாதம் என்று வேலை பிரிந்துவிடும். புதுப்பெண்ணுக்குத் தாலிக்கயிறு மாற்றிய கையோடு கரையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசவும் நேரம் கிடைக்கும். (அன்றும் ஆண்கள் கரண்டி பிடித்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.) இப்போது ஒரு ஸ்கூட்டர், இரண்டு பிள்ளைகள், ஒரே ஒரு பெண்.

அதனால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு பற்றவைக்க வேண்டாம். போகிற வழியில் பொட்டலம் வாங்குங்கள், பிள்ளைகளைக் கணவர் பார்க்கட்டும். ‘ஹோட்டல் சாப்பாடு உடம்புக்கு ஆகாது’ என்கிறவர் தானே புளி கரைக்கலாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ‘எங்கே போகலாம்’ பட்டியல் போடும்போது, எந்த இடத்தில் பெண்களுக்குத் தண்ணீர் வருகிற கழிப்பறை இருக்கிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி.