விட்டு விட்டு அழும் குழந்தை

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு என்று மாறி மாறி வருகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் எப்போதோ ஒரு குழந்தைக்கு வந்து, சில மணி நேரத்திலேயே உயிருக்கு உலை வைக்கிற கோளாறுகளைப் பற்றியும் எழுதுங்கள். குழந்தைகள் வார்டில் செவிலியராக வேலை பார்த்தவள் என்ற உரிமையில் கேட்கிறேன்.

குடல் செருகலையே எடுத்துக்கொள்ளுங்கள். சட்டையைக் கழற்றும்போது சட்டைக் கை உள்ளே சுருட்டிக்கொண்டு போகுமே, அந்த மாதிரி சிறுகுடலின் கடைசிப் பகுதி பெருங்குடலுக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும். பெரும்பாலும் 3 மாதம் முதல் 3 வயதுக்குள், அதிலும் முதல் வயதில்தான் அதிகம். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடும், முகம் வெளுத்துப்போகும், சில நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும்; 15, 20 நிமிடம் கழித்து மறுபடி ஆரம்பிக்கும். நடுவில் சும்மா கிடப்பதைப் பார்த்து 'சரி, வாயுதான்' என்று விட்டுவிடுகிறார்கள். டாக்டர் பார்க்கும் நேரத்திலும் அது சமர்த்தாகவே இருந்து தொலைக்கும்! சில குழந்தைகள் அழவே மாட்டார்கள், துவண்டு தூங்கிக்கொண்டே இருப்பார்கள், அப்போது மூளைக்காய்ச்சலோ என்றுதான் முதலில் சந்தேகம் வரும்.

ரத்தமும் சளியுமாக மலம் போவதைப் பெரிய அடையாளமாகச் சொல்வார்கள். அது பல நேரம் தாமதமாகத்தான் வரும், சிலருக்கு வருவதே இல்லை. வந்தாலும் சீதபேதி என்று மருந்து கொடுத்து அனுப்பிவிடும் ஆபத்து இருக்கிறது. சந்தேகம் வந்தால் வயிற்று ஸ்கேன் போதும், வளையத்துக்குள் வளையமாகத் தெரிந்துவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் கத்தி வைக்காமலே, ஆசனவாய் வழியாகக் காற்றையோ உப்புநீரையோ அளவான அழுத்தத்தில் செலுத்திக் குடலைப் பின்னால் தள்ளிவிடலாம், 10 பேரில் 8 பேருக்காவது இது பலிக்கும். குடல் அழுகியோ ஓட்டை விழுந்தோ போயிருந்தால் ஆபரேஷனைத் தவிர வழியில்லை. சரியான பிறகும் சுமார் 10 பேரில் ஒருவருக்குத் திரும்ப வரும், சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள்ளேயே. வீட்டுக்கு அனுப்பும்போது இதை அழுத்திச் சொல்லாத ஆஸ்பத்திரிகள்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

அப்புறம், பச்சிளம் குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பட்டன் பேட்டரியை விழுங்கிய குழந்தையும் அப்படித்தான். உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடும், வாந்தி எடுக்க வைக்காமல் உடனே எக்ஸ்ரே இருக்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

இவற்றை வாரம் ஒன்றாக எழுதினாலே போதும். கூடவே பெற்றோருக்கு இரண்டு விஷயம் போடுங்கள்: குழந்தை வீறிடும் நேரத்தைச் செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டலாம், மலம் பட்ட துணியைத் துவைக்காமல் அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துப்போகலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்