இரண்டாவது ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன்

புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவமனைகளின் நிர்வாகத்தினருக்கும் அறுவை மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவோ, வயிற்றைச் சிறு பையாக்கிக் குடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைக்கும் பைபாஸோ செய்துகொண்டு, நாலைந்து வருடம் கழித்து எடை மறுபடி ஏறியவர்கள் உங்களிடம் வருகிறார்கள். "இன்னொரு தடவை செய்தால் இறங்குமா?" என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. நெய்வேலி, பண்ருட்டி, விருத்தாசலம் பக்கமிருந்து வருகிறவர்களில் சிலருக்கு முதல் ஆபரேஷன் சென்னையில் நடந்திருக்கும், சிலருக்கு உங்களிடமே நடந்திருக்கும். எங்கே நடந்திருந்தாலும் அவர்கள் கொண்டுவரும் பிளாஸ்டிக் கவருக்குள் இருப்பது ஒரு டிஸ்சார்ஜ் சம்மரிதான். சேர்ந்த தேதி, போன தேதி, "லேப்ராஸ்கோபி மூலம் ஸ்லீவ் செய்யப்பட்டது, சிக்கல் ஏதுமில்லை" என்று ஒரே வரி, கீழே மாத்திரைப் பட்டியல். மறு ஆபரேஷன் தேவையா, தேவையென்றால் எது என்று முடிவு செய்ய அந்த ஒரு வரி எதற்கும் உதவாது.

எங்கள் முதல் கோரிக்கை அதனால் எளியது. ஆபரேஷன் குறிப்பின் நகலை, கேட்காமலே, டிஸ்சார்ஜ் அன்றே நோயாளியிடம் கொடுங்கள். ஸ்லீவ் என்றால் எத்தனை பிரெஞ்ச் (குழாயின் தடிமனைச் சொல்லும் அலகு) அளவுக் குழாயை வைத்து வெட்டினீர்கள், வயிறு குடலோடு சேரும் வாயான பைலோரஸிலிருந்து எத்தனை செ.மீ. தள்ளி ஆரம்பித்தீர்கள், எந்த நிற ஸ்டேப்லர் கார்ட்ரிட்ஜ் எத்தனை, வயிற்றின் மேல்பகுதியான ஃபண்டஸை இடது பக்க உதரவிதானத் தூண் தெரியும்வரை விடுவித்தீர்களா, வயிறு உதரவிதானத் துளை வழியே மேலேறும் ஹயேட்டஸ் ஹெர்னியா இருந்ததா, தைத்தீர்களா என்பவை அதில் இருக்க வேண்டும். பைபாஸ் என்றால் பையின் அளவு, பித்தம் வரும் குடல் பகுதி எத்தனை செ.மீ., உணவு போகும் பகுதி எத்தனை செ.மீ., மொத்தச் சிறுகுடலையும் அளந்தீர்களா, குடல் நழுவிச் சிக்கக்கூடிய பீட்டர்சன் இடைவெளியையும் குடல் சவ்வின் இடைவெளியையும் மூடினீர்களா. ஒரே இணைப்போடு முடியும் மினி பைபாஸ் என்றால் எத்தனை செ.மீ. குடலைத் தாண்டி இணைத்தீர்கள். அரைப் பக்கம் போதும்.

'ஆவணப் பிரிவில் இருக்கிறது, வேண்டும்போது கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்' என்பீர்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள், உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்கச் சொல்கின்றன; கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரச் சொல்கின்றன. எடை திரும்பிய பிரச்சினையோடு ஒருவர் வந்து நிற்பதோ பெரும்பாலும் அந்த 3 ஆண்டுக்குப் பிறகு. அவர் கேட்கும்போது கோப்பு இல்லாமல் போயிருந்தாலும் நீங்கள் விதியை மீறியவர்கள் ஆகமாட்டீர்கள். வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாமல் உள்ளே போவது மட்டும் அடுத்த மருத்துவரின் தலையில் விழும்.

இனி எடைக் கணக்கு. வெறும் இன்றைய எடையைப் பார்த்து 'முதல் ஆபரேஷன் தோற்றுவிட்டது' என்று சீட்டில் எழுதுவதை நிறுத்த வேண்டும். மூன்று எண்கள் தேவை: ஆபரேஷனுக்கு முந்தைய எடை, அதன் பிறகு தொட்ட மிகக் குறைந்த எடை, இன்றைய எடை. 158 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். முன்பு 112 கிலோ, ஒன்றரை வருடத்தில் 70, இன்று 86. இறங்கிய 42 கிலோவில் 16 திரும்பியிருக்கிறது, அதாவது 38 சதவீதம். இது கவனிக்க வேண்டிய ஏற்றம்தான். ஆனால் ஆரம்ப எடையில் 23 சதவீதம் இன்னமும் குறைவாகவே இருக்கிறார். சர்க்கரை கட்டுக்குள் இருந்து, குறட்டையும் மூச்சுத் திணறலும் திரும்பாமல் இருந்தால், இந்த ஆபரேஷன் தோற்றதாகச் சொல்ல எங்களுக்கு வாய் வராது. குறைந்த எடையைத் தொட்டபின் சில கிலோ ஏறுவது உடம்பின் இயல்பு. 70ஐத் தொடவே தொடாமல் 100இல் நின்றுவிட்டவரின் கதை வேறு. அங்கே ஆபரேஷன் செய்த முறையையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இந்தக் கணக்குக்குக் காசு சம்பந்தமும் உண்டு. மருத்துவக் காப்பீட்டுக்கான ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விதிப்படி, எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பணம் கிடைக்க பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அல்லது 35 அல்லது அதற்கு மேல் இருந்து கூடவே கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை, இதய நோய் போன்றவை இருக்க வேண்டும். மேலே சொன்ன பெண்ணின் இன்றைய பி.எம்.ஐ. 34.4. ஆக, முழுச் செலவும் அவர் கையிலிருந்துதான். நகையை அடகு வைத்தபின் இது தெரியவருவதைவிட, முதல் சந்திப்பிலேயே உங்கள் காப்பீட்டுப் பிரிவு சொல்லிவிடலாம்.

அடுத்தது காரணம் தேடுவது. எண்டோஸ்கோபிக்கு முன்னால் சாப்பாட்டைக் கேட்க வேண்டும், அதுவும் பொறுமையாக. 'கொஞ்சமாகத்தான் சாப்பிடுகிறேன்' என்று நோயாளி சொல்வது பெரும்பாலும் பொய்யல்ல. ஸ்லீவ் செய்த வயிறு ஒரு தட்டுச் சோற்றையும் கறியையும் தடுக்கும். நீராகவும் மாவாகவும் போவதைத் தடுக்காது. நாலு வேளைக் காபியில் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சர்க்கரை மட்டுமே 160 கலோரி, பால் தனி. பண்ருட்டி முந்திரி 50 கிராம் கொறித்தால் ஏறத்தாழ 280. பேக்கரி ரஸ்க்கும் பஃப்ஸும் வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். மூன்று வேளைச் சாப்பாட்டை மட்டும் கேட்டு எழுதும் உணவுக் குறிப்பில் இதில் எதுவும் வராது. இடைவேளைகளைக் கேளுங்கள், இரவு பத்து மணிக்கு மேல் என்ன என்று கேளுங்கள்.

குடியைப் பற்றியும் கேளுங்கள், பெண்களிடமும்தான். புதுச்சேரியில் இருந்துகொண்டு இதைக் கேட்கக் கூச்சப்படுவதில் அர்த்தமில்லை. 42.8 சதவீதச் சாராயம் ஒரு குவார்ட்டர், அதாவது 180 மி.லி., ஆல்கஹாலால் மட்டும் ஏறத்தாழ 425 கலோரி. கூடவரும் மிக்சரும் வறுவலும் கணக்கில் இல்லை. பைபாஸ் ஆனவர்களுக்கு ஆல்கஹால் சீக்கிரம் ரத்தத்தில் ஏறும், போதையும் பழைய அளவைவிட அதிகம். ஆபரேஷனுக்கு முன் எப்போதாவது குடித்தவர், பின்னர் விடமுடியாத நிலைக்குப் போவதும் உண்டு. அவருக்குத் தேவை மனநல மருத்துவரும் குடி மீட்பு ஆலோசனையும், ஸ்டேப்லர் அல்ல.

புரதம் எப்போதும் குறைகிறது. நாளுக்குக் குறைந்தது 60 கிராம் என்கிறோம். இரண்டு இட்லியில் கிடைப்பது ஏறத்தாழ 4. ஒரு முட்டைக்கு 6, 100 கிராம் மத்தி மீனுக்கு 20. கடலூர் முதுநகர்த் துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவருக்கு ஆயிரக்கணக்கில் விலையுள்ள புரதப் பவுடர் டப்பாவை எழுதித் தருவது எங்களுக்கு ஒவ்வாத காரியம்.

மாத்திரைப் பட்டியலையும் பாருங்கள். இன்சுலின், கிளிமெபிரைடு, பயோகிளிட்டசோன், ஸ்டீராய்டு, ஓலன்சபைன், வால்ப்ரோயேட், மிர்டாசபைன், அமிட்ரிப்டிலின் ஆகியவை எடையை ஏற்றக்கூடியவை. மருந்தை எழுதிய மருத்துவரிடம் பேசி மாற்ற முடிந்தால், அதுவே சிகிச்சையின் பாதி. தைராய்டு பரிசோதனை, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்.பி.ஏ.1சி, ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், ரத்தப் புரதமான ஆல்புமின் இவை எல்லாருக்கும். எடை ஏறியிருப்பதால் சத்துக் குறைவு இருக்காதென்று நினைப்பது தவறு. குண்டான ஒருவருக்கு ஆல்புமினும் இரும்பும் ஒருசேரக் குறைந்திருக்கலாம். அந்த நிலையில் குடலை இன்னும் சுருக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இதற்கெல்லாம் பிறகுதான் எண்டோஸ்கோபியும், மருந்து குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயும் அல்லது சி.டி.யும். ஸ்லீவில் மேலே ஃபண்டஸ் விடுபட்டு உப்பியிருக்கிறதா, நடுவில் முறுக்கோ குறுக்கமோ உண்டா, உணவுக்குழாயின் அடியில் அமிலப் புண்ணோ, அமிலத்தால் உள்தோல் மாறும் பேரட் மாற்றமோ தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். குறுக்கத்துக்கு மேலே உப்பிய ஸ்லீவில் கட்டியான சாப்பாடு இறங்காது, வாந்தி வரும். அதனால்தான் நோயாளி ஐஸ்கிரீமுக்கும் ஜூஸுக்கும் போகிறார். அவரைப் பார்த்து 'வாயைக் கட்டு' என்று திட்டுவது அநியாயம். பைபாஸில் பை விரிந்திருக்கிறதா, இணைப்பு வாய் எத்தனை மி.மீ., அங்கே புண் உண்டா, பைக்கும் பழைய வயிற்றுக்கும் நடுவே வழி திறந்துகொண்டதா என்று எழுதுங்கள். 'நார்மல் போஸ்ட் ஆப் ஸ்டேட்டஸ்' (ஆபரேஷனுக்குப் பின் இயல்பு நிலை) என்று மட்டும் சொல்லும் எண்டோஸ்கோபி அறிக்கையை வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அனுப்புங்கள்.

கிடைத்த காரணத்தைப் பொறுத்துத்தான் ஆபரேஷன். ஸ்லீவுக்குப் பின் கடும் நெஞ்செரிச்சலும் எடை ஏற்றமும் சேர்ந்திருந்தால் இரண்டு இணைப்புள்ள வழக்கமான ரூ-என்-ஒய் பைபாஸ்தான் பொருத்தம், ஹெர்னியாவையும் அப்போதே தைக்க வேண்டும். அதே ஆளுக்கு, சீக்கிரம் முடியும் என்பதற்காக மினி பைபாஸ் செய்தால் அமிலத்துக்குப் பதில் பித்தம் மேலேறக்கூடும். ஃபண்டஸ் மட்டும் விடுபட்டிருந்து நெஞ்செரிச்சல் இல்லையென்றால் மறு ஸ்லீவ் யோசிக்கலாம். அப்போதும் பழைய ஸ்டேப்லர் கோட்டுக்கும் புதிய கோட்டுக்கும் நடுவே ரத்த ஓட்டமற்ற துண்டு மிஞ்சக் கூடாது. பைபாஸில் வாய் மட்டும் விரிந்திருந்தால் எண்டோஸ்கோபி வழியே தைத்தோ ஆர்கான் வாயுக் கருவியால் சுட்டோ சுருக்க முடியும், வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. குடலை நீளமாகத் தாண்டிவிடும் ஆபரேஷன்தான் எங்களுக்கு மிகவும் பயம். ஆளுக்கு ஆள் சிறுகுடல் நாலு மீட்டரும் இருக்கும், எட்டு மீட்டரும் இருக்கும். மொத்தத்தையும் அளக்காமல் 'இன்னும் 100 செ.மீ. கூட்டினேன்' என்றால், மிச்சம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? உணவு சேரும் குடல் 3 மீட்டருக்குக் கீழே போனால் வயிற்றுப்போக்கு, கால் வீக்கம், ஆல்புமின் சரிவு என்று நோயாளி வார்டுக்கே திரும்பி வரக்கூடும்.

மறு ஆபரேஷனில் ஆபத்து முதல் தடவையைவிட அதிகம், பலன் பொதுவாக முதல் தடவையைவிடக் குறைவு. ஒப்புதல் படிவத்தில் இந்த இரண்டும் தமிழில் இருக்க வேண்டும். தழும்பேறித் தடித்த வயிற்றுச் சுவரில் முதல் தடவை போட்ட அதே உயரமுள்ள ஸ்டேப்லர் பின்களைப் போட்டால் அவை முழுதாக மடங்காமல் போகலாம். கசிவு அங்கேதான் ஆரம்பிக்கிறது. நாடி 120ஐத் தாண்டியும், இடது தோளில் வலியும், மூச்சு வாங்கலும் இருந்தால் 'பயத்தால் துடிக்கிறது' என்று இரவுப் பணியில் இருக்கும் யாரும் சொல்லக் கூடாது. சி.டி. எடுக்க வேண்டும், அது கிடைக்காத ஊரென்றால் உடனே அனுப்ப வேண்டும். சிகரெட், பீடி நிறுத்தாதவருக்கு நாள் குறிக்காதீர்கள். இணைப்பில் புண் வரும். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் அப்படியே.

பசியைக் குறைக்கும் ஊசி மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிர்செபடைட் 2025 மார்ச்சிலும், எடைக்கான செமாக்ளூடைட் அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. வயிற்றின் அமைப்பில் கோளாறு இல்லாமல், பசி திரும்பியதால் மட்டும் எடை ஏறியவருக்கு இதை முதலில் சொல்லுங்கள். விலை கட்டுபடியாகுமா என்பதையும், நிறுத்தினால் எடை திரும்பும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஊசி போட்டுக்கொண்டிருப்பவருக்கு மயக்க மருந்து கொடுக்கும் நாளில் வயிறு காலியாகாமல் இருக்கலாம். மயக்கவியல் மருத்துவருக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. இதற்குச் செலவே கிடையாது. ஆபரேஷன் ஆனவர் நாள்கணக்கில் வாந்தி எடுத்தால் உங்களிடம் வரமாட்டார். பக்கத்துத் தெரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வார். தயமின் (வைட்டமின் பி1) குறைந்த உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் கண் இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். சிலருக்கு அது முழுதாகத் திரும்புவதில்லை. நோயாளி பர்ஸில் வைத்துக்கொள்ளும் அளவில் ஓர் அட்டை அடியுங்கள். ஒரு பக்கம் ஆபரேஷனின் பெயர், தேதி, குடல் அளவு, 24 மணி நேரமும் எடுக்கப்படும் உங்கள் தொலைபேசி எண். மறு பக்கம் தமிழில் மூன்று வரி: 'இவருக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வாந்தியென்றால் குளுக்கோஸுக்கு முன் தயமின் ஊசி போடவும். மூக்கு வழியாகக் குழாய் செருக வேண்டாம், எங்களை அழைக்கவும்.'

இப்படிக்கு,
புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை பெற்றவர்களைக் கவனித்துவரும் மருத்துவர்கள், செவிலியர்கள், உணவியல் ஆலோசகர்கள்