கணினியில் கம்பி தேயாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மேல்நிலை வகுப்புகளின் இயற்பியல் செய்முறையை முழுவதும் கணினிக்கு மாற்றிவிடலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கருவி வாங்கும் செலவு மிச்சம், பழுது பார்க்க வேண்டாம், ஆய்வக உதவியாளர் வேண்டாம், எதுவும் உடையாது என்று கட்டுரையாளர் அடுக்கியிருக்கிறார். விமானிகளே சிமுலேட்டரில்தானே (தரையில் நின்றபடி பறப்பதைப் போலக் காட்டும் பயிற்சிக் கருவி) பழகுகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறார். அவர் சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம். அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான்.

சம்மதமான பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2001-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 'ஃபெட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். அதன் சிமுலேஷன்கள், அதாவது கணினித் திரையிலேயே செய்துபார்க்கும் மாதிரிச் சோதனைகள், எல்லாம் இலவசம். சில தமிழிலும் கிடைக்கின்றன. அதில் மின்சுற்று அமைக்கும் ஒன்று இருக்கிறது. பேட்டரி, பல்பு, கம்பி எல்லாவற்றையும் திரையில் இழுத்து வைத்து இணைக்கலாம். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வது கண்ணுக்குத் தெரியும். ஷார்ட் சர்க்யூட் செய்தால் பேட்டரி தீப்பிடித்து எரியும். பிள்ளைகள் வேண்டுமென்றே தீ வைத்துப் பார்ப்பார்கள். வைக்கட்டும். நிஜ ஆய்வகத்தில் அதைச் செய்தால் திட்டுதான் விழும், அப்புறம் அந்தப் பிள்ளை கம்பியைத் தொடவே தயங்கும்.

இதே பல்கலைக்கழகத்தினர் 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வும் உண்டு. ஒரு குழுவுக்கு நிஜமான பல்பு, கம்பி, மீட்டர் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு இந்தச் சிமுலேஷன் மட்டும். பிறகு இரு குழுக்களையும் நிஜக் கருவிகளைக் கொண்டு ஒரு சுற்றை அமைத்து விளக்கச் சொன்னார்கள். சிமுலேஷனில் மட்டும் பழகியவர்கள் இரண்டையும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஆய்வகத்துக்காக வாதாடும் என்னைப் போன்றவர்கள் இந்த முடிவை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது. காரணமும் புரியக்கூடியதுதான். நிஜச் சுற்றில் மின்னோட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. லூஸ் கனெக்‌ஷனைத் தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும்.

நம் ஆய்வகங்களில் இப்போது என்ன நடக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஒரு கருவியைச் சுற்றி நான்கைந்து பேர் நிற்பார்கள். ஒருவன் அளவெடுக்க, மற்றவர்கள் அவனைப் பார்த்து எழுதுவார்கள். வர வேண்டிய விடை முன்கூட்டியே தெரியும் என்பதால் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவீடுகளை நிரப்புவதும் உண்டு. ரெகார்டு நோட்டு மட்டும் பளபளவென்று இருக்கும். இதைத்தான் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை.

என் ஆட்சேபம் எங்கே என்றால், பிளஸ் டூ மாணவர்கள் தெரியாத மின்தடையைக் கண்டுபிடிக்கச் செய்யும் மீட்டர் பிரிட்ஜில். ஒரு மீட்டர் நீளக் கம்பி, இரண்டு இடைவெளிகள், ஒன்றில் தெரிந்த மின்தடை, மற்றொன்றில் தெரியாத சுருள். ஜாக்கி என்ற தொடுமுனையைக் கம்பியில் தொட்டுத் தொட்டு, சிறு மின்னோட்டத்தையும் காட்டும் கால்வனாமீட்டரின் முள் பூஜ்யம் காட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு இரண்டு மின்தடைகளையும் இடம் மாற்றி இன்னொரு முறை அளவெடுக்க வேண்டும். எதற்கு இடம் மாற்ற வேண்டும்? கம்பியின் இரு முனைகளையும் செப்புப் பட்டையோடு பற்றவைத்த இடங்களில் கொஞ்சம் மின்தடை இருக்கும். அளவுகோலின் பூஜ்யமும் கம்பி தொடங்கும் இடமும் சரியாகப் பொருந்தாது. இடம் மாற்றிச் சராசரி எடுத்தால் இந்தப் பிழை பெருமளவு குறையும். கணினித் திரையில் இருக்கும் கம்பிக்கு இந்தக் குறையே கிடையாது, நிரல் எழுதியவர் நினைத்து அதைச் சேர்த்திருந்தால் தவிர. சேர்க்காவிட்டால் மாற்றினாலும் அதே விடைதான் வரும். அப்புறம் ஏன் மாற்றுகிறோம் என்று கேட்கும் பிள்ளைக்கு ஆசிரியர் என்ன பதில் சொல்வார்? ஜாக்கியை இழுக்கக் கூடாது, தொட்டு எடுக்க வேண்டும் என்று நாங்கள் கத்திக்கொண்டே இருப்போம். இழுத்தால் கம்பி தேய்ந்து அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடும், கணக்கே கெட்டுப்போகும். திரையில் எத்தனை முறை இழுத்தாலும் கம்பி தேயாது.

கம்பிச் சுருளின் நடுவே காந்த ஊசி வைத்த டேஞ்சன்ட் கால்வனாமீட்டர் இன்னும் நல்ல உதாரணம். அதில் புவிக்காந்தப் புலத்தின் கிடைத்தளக் கூறைக் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது ஏறக்குறைய 40 மைக்ரோ டெஸ்லா. ஒரு மாணவிக்கு அதற்குச் சம்பந்தமே இல்லாத விடை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இரும்பு ஸ்டூல் இருக்கிறதா, யார் பையிலாவது செல்போன் இருக்கிறதா, சுருளின் தளம் காந்தத் துருவத் தளத்தில், அதாவது காந்த ஊசி காட்டும் வடக்கு-தெற்குத் திசையில், இருக்கிறதா, மின்னோட்டத்தின் திசையை மாற்றும் கம்யூட்டேட்டரில் அதைத் திருப்பிப் பார்த்தாளா என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். என்னைக் கேட்டால் அந்தத் தேடல்தான் செய்முறை. சூத்திரத்தில் எண்ணைப் போடுவதற்குக் கணினியும் வேண்டாம், ஆய்வகமும் வேண்டாம். திரையில் இரும்பு ஸ்டூலே இல்லாதபோது அவள் எதைத் தேடுவாள்?

இப்போது விமானிகள் விஷயம். எட்வின் லிங்க் என்பவர் 1929-இல் முதல் பறப்புப் பயிற்சிக் கருவியைச் செய்தார். அவருடைய அப்பா ஆர்கன் இசைக்கருவி செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவர். அதன் காற்றுத் துருத்திகளையே மகன் இதற்குப் பயன்படுத்தினார். தொடக்கத்தில் அதைப் பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. 1934-இல் தபால் எடுத்துச் சென்ற அமெரிக்க ராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் இறந்த பிறகே ராணுவம் அதைத் தேடி வந்தது. எரியும் எஞ்சினோடு நிஜ விமானத்தில் பழக முடியாது, அதனால் சிமுலேட்டர். இதில் எனக்கு மறுப்பே கிடையாது.

ஆனால் அதே துறையில் 2001 நவம்பரில் நடந்ததையும் கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம். நியூயார்க்கிலிருந்து கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, முன்னால் போன பெரிய விமானத்தின் காற்றுச் சுழலில் மாட்டியது. துணை விமானி வால் திசைமாற்றியை இடமும் வலமுமாக மாறி மாறி வேகமாக மிதித்ததில் செங்குத்து வால் ஒடிந்து விழுந்தது. தரையில் இருந்த 5 பேரையும் சேர்த்து 265 பேர் இறந்தார்கள். தேவையில்லாத அந்த மிதிதான் காரணம் என்றது விசாரணை. அதற்குத் துணைபோன காரணங்களில் அந்த நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தையும் சேர்த்தது. அந்தத் திட்டத்தின் சிமுலேட்டர் பயிற்சி ஒன்றில் காற்றுச் சுழல் விமானத்தைக் கவிழ்ப்பதுபோல் மிகைப்படுத்திக் காட்டினார்கள். விமானியின் அசைவுகளுக்குச் சிறிது நேரம் பலனே இல்லாதபடியும் அமைத்திருந்தார்கள். சிமுலேட்டர் பழுதாகவில்லை, அது தனக்குள் எழுதி வைத்ததைத்தான் காட்டியது.

இன்னொன்றும் உண்டு. அனுபவமுள்ள விமானி ஒருவர் புதிய ரக விமானத்துக்கு மாறும்போது முழுப் பயிற்சியையும் சிமுலேட்டரிலேயே முடிக்க முடியும். ஆனால் இந்தியாவில் வணிக விமானி உரிமம் வாங்குவதற்கே 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வானத்தைத் தெரிந்தவருக்குத்தான் அந்தச் சலுகை. நம் பிளஸ் டூ பிள்ளை இன்னும் வோல்ட் மீட்டரையே கையில் எடுக்கவில்லை.

சரி, என்னதான் செய்யலாம்? பள்ளியில் ஹைடெக் லேப் என்ற கணினி அறை இருந்தால் முதல் நாள் அங்கே சிமுலேஷன், மறுநாள் அதே சோதனை ஆய்வக மேசையில். இரண்டிலும் வந்த விடைகள் ஏன் மாறின என்று மாணவர் ஒரு பத்தி எழுதட்டும். செய்முறைத் தேர்வின் 20 மதிப்பெண்ணில் கொஞ்சம் அந்தப் பத்திக்குப் போனால் ரெகார்டு நோட்டை நிரப்பும் பழக்கமும் குறையும். ரூதர்ஃபோர்டு சிதறல், கதிரியக்கச் சிதைவு, கோள்களின் இயக்கம் இவையெல்லாம் சிமுலேஷன் மட்டும் போதும். பள்ளியில் அவற்றைச் செய்துகாட்ட வழியும் இல்லை. இதற்கெல்லாம் அந்தக் கணினிகள் இணையத் தேர்வுகளுக்கும் பதிவேற்ற வேலைகளுக்கும் போக மிச்சமிருக்க வேண்டும், அது தனிக் கதை.

கட்டுரையாளர் மிச்சம் என்று கணக்கிட்ட செலவில் பெரும் பகுதி ஆய்வக உதவியாளரின் சம்பளம்தான். மீட்டர் பிரிட்ஜில் தேய்ந்த கம்பியை மாற்றுவது பெரிய வேலையே இல்லை. மாற்ற ஆள் இல்லாததால்தான் பல கருவிகள் அலமாரிக்குப் போய்விடுகின்றன, பிறகு அதையே காட்டி ஆய்வகம் வீண் என்கிறார்கள். மாவட்டவாரியாக எத்தனை ஆய்வக உதவியாளர் பணியிடங்கள் காலியாக இருக்கின்றன என்று உங்கள் செய்தியாளர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, அடுத்த ஏதாவது ஓர் இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை இயற்பியல் ஆசிரியை,
விருதுநகர் மாவட்டம்